முனை தேய்ந்த ஷூ

என் மகள் முதன்முதலில் ஓடி ஜெயித்தது வெறுங்காலில்தான். நாலாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளி விளையாட்டு விழாவில், நூறு மீட்டர். நான் ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அன்றைக்கு எனக்குக் காலை ஷிப்ட், இரண்டு மணிக்குத்தான் விட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கழுத்தில் மெடலோடு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு முழங்காலிலும் மண்.

"விழுந்தியாட்டி?"

"முடிச்சப்பறந்தாம்மா விழுந்தேன்" என்றாள். விழுந்ததும் ஜெயித்ததில் சேர்த்தி என்பது போலச் சொன்னாள்.

அவளுடைய பி.டி. மிஸ் அங்கேயே நின்றிருந்தார். "நல்லா ஓடுறா. ரெண்டு வருஷத்துல ஸோனல் மீட்டுக்கு அனுப்பலாம். ஆனா இப்படி வெறுங்கால்ல ஓட விடாதீங்க, ஸ்கூல் ஷூவும் வேணாம். ஒரு ரன்னிங் ஷூ வாங்கிக் குடுத்துருங்க" என்றார்.

ஷூ வாங்குவது எனக்குத் தெரியாத காரியம். நான் தூத்துக்குடிப் பக்கம். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் என் காலில் ரப்பர் செருப்புதான். பத்தொன்பது வயதில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளோடு பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் வந்து, ஹாஸ்டலில் தங்கிக் கம்பெனிக்குப் போனேன். நான் போட்ட முதல் ஷூ கம்பெனி கொடுத்தது. அதுவும் என் சைஸ் ஏறவில்லை. பாதத்தின் மேல்பக்கம் மேடாக நின்று தடுத்தது. ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டு வாங்கினேன். முன்னால் காலியாக இருக்கும், அடிக்கடி தடுக்கும். சமதரையில் தடுக்கி விழுகிறவள் என்று லைனில் என்னைக் கேலி செய்வார்கள். பள்ளிக்கூடத்தில் கொக்குக்கால் என்றார்கள், இங்கே இது. இரண்டுக்கும் நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். முழங்காலுக்குக் கீழே எனக்குச் சதைப்பிடிப்பே கிடையாது. அழகில்லாத கால் என்று நினைத்துக் கணுக்கால் தெரியாமல் உடுத்தப் பழகியிருந்தேன். அதற்கு மேல் அதைப்பற்றி யோசித்ததில்லை.

எங்கள் ஹாஸ்டல் பிள்ளைகளை ஏற்றிப்போன கம்பெனி பஸ்ஸின் டிரைவரைத்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டேன். பென்னலூர்க்காரர். அவர் ஷூ போட்டு நான் பார்த்ததில்லை. ஆக, ஷூ விஷயத்தில் ஒன்றும் தெரியாத இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் போனோம்.

அவள் நீலத்தில் ஒன்றை எடுத்தாள். பக்கவாட்டில் மின்னல் போல வெள்ளைக் கோடு. போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே கண்ணாடி வரைக்கும் ஓடித் திரும்பினாள்.

"எப்டி கீது?" என்று கேட்டார் அவர்.

"சூப்பரா கீதுப்பா."

நான் குனிந்து முனையை அழுத்திப் பார்த்தேன். விரல் நெருக்கமாகத் தட்டுப்பட்டது. "வளருற பிள்ளைண்ணே, ரெண்டு சைஸ் பெருசாக் குடுங்க" என்றேன் கடைக்காரரிடம். அவள் முகம் வாடியது. பெரிய சைஸில் நீலம் இல்லை, சாம்பல் நிறம்தான் இருந்தது. அதைத்தான் வாங்கினோம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மனை பிரித்துப் போட்ட ஒரு பெரிய இடம் உண்டு. முகப்பில் வளைவு, உள்ளே தார் ரோடு, இரண்டு பக்கமும் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல். வீடு என்று ஒன்றுகூட எழும்பவில்லை. யாரோ வாங்கிப்போட்டுவிட்டு எங்கேயோ இருக்கிறார்கள். ஓடுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு வந்து, டீ குடித்துவிட்டு, அவளை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். ஒரு மஞ்சள் கல்லில் உட்கார்ந்துகொள்வேன். கோடி வரை ஓடிவிட்டுத் திரும்பி வருவாள். பறந்துகொண்டு வருகிற மாதிரி இருக்கும். எனக்கு அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் வேகமாகச் செய்தது ஒயர் சுற்றுவது மட்டும்தான்.

ஆனால் அவள் தடுக்கினாள். நாலு முறை ஓடினால் ஒரு முறை கட்டாயம் கால் தட்டும். சில நாள் சமாளித்துவிடுவாள், சில நாள் விழுவாள்.

"ரெண்டு சைஸ் பெருசா வாங்கிக் குடுத்தா தடுக்காம இன்னா பண்ணும்?" என்றார் என் வீட்டுக்காரர். அது சரியென்று பட்டது. பணத்தைப் பார்த்துப் பிள்ளையைக் கீழே தள்ளிவிட்டோமே என்று எனக்குக் குற்ற உணர்ச்சி. அடுத்த முறை சரியான அளவில் வாங்கினேன். ஒரு விரல் அகலம்கூட விடவில்லை. காலில் கிடந்து ஆடக்கூடாது என்று நானே முட்டிபோட்டு உட்கார்ந்து லேஸை இழுத்துக் கட்டுவேன். கழற்றும்போது பாதத்தின் மேல் லேஸ் தடம் வரிவரியாகச் சிவந்திருக்கும்.

"வலிக்குதாட்டி?"

"இல்லம்மா."

உண்மையிலேயே வலிக்கவில்லை. அதுதான் கோளாறு என்று அன்றைக்கு எனக்கு யார் சொல்வார்கள்?

அந்த ஷூவிலும் தடுக்கியது. சோல் கனம் என்று நினைத்தேன். கனமில்லாததாக ஒன்று வாங்கினேன். அது முனையில் பிய்ந்தது. மட்டமான சாமான் என்று திட்டினேன். அதற்குள் அவள் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஒன்றரை வருஷத்தில் உயரம் என் தோளைத் தொட்டது. பள்ளிச் சட்டையெல்லாம் குட்டையாகிவிட்டது. கால் மட்டும் அதே சைஸில் நின்றது. ஒருநாள் பழைய ஷூவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "நல்லவேளை, கால் வளரல, இந்த வருஷமும் இதே ஓடும்" என்று அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். ஒரு பிள்ளை இவ்வளவு வளர்ந்தும் பாதம் வளரவில்லை என்றால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஸோனல் மீட் வந்தது. இருநூறு மீட்டர். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அவரும் பஸ்ஸை வேறொரு டிரைவரிடம் விட்டுவிட்டு வந்தார். பி.டி. மிஸ் சொன்ன பிராண்ட் ஷூவாகவே வாங்கிக் கொடுத்திருந்தோம், ஆரஞ்சு நிறம், அவளே தேர்ந்தெடுத்தது. மைதானத்தில் எட்டுப் பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். எனக்கு அந்த ஆரஞ்சு மட்டும்தான் தெரிந்தது.

வளைவு வரைக்கும் அவள் இரண்டாவதாக வந்தாள். வளைவு முடிகிற இடத்தில் முன்னே போன பிள்ளையை எட்டிப் பிடித்தாள். அவர் எழுந்து நின்று "ஓடு, ஓடு" என்று கத்தினார். அப்போது அவளுடைய வலது கால் முனை தரையில் குத்தியது. யாரும் தொடவில்லை, கல் இல்லை, பள்ளம் இல்லை. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். மற்ற ஏழு பேரும் தாண்டிப் போனார்கள். அவள் எழுந்து நொண்டிக்கொண்டு கடைசியாக வந்து கோட்டைத் தாண்டினாள். சிலர் கை தட்டினார்கள்.

நான் போய் அவளைத் தூக்கியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை ஷூ, எத்தனை சாயங்காலம், எத்தனை முறை "காலைத் தூக்கி வச்சு ஓடு" என்று சொல்லியிருப்பேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போனேன்.

"எங்க பாத்து ஓடுத? காலைத் தூக்கி வையின்னு எத்தன தடவ சொல்லுதேன்? காதுல ஏறாதா?"

"தூக்கித்தாம்மா வச்சேன்."

"பொய் சொல்லாத."

கன்னத்தில் ஒன்று வைத்தேன். அவளோடு படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். பி.டி. மிஸ் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "என்ன பண்றீங்க, விடுங்க" என்றார். மகள் அழவில்லை. குழாயை மூடினாள். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவள் அப்பாவிடம் நடந்து போனாள்.

வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றியபோது பார்த்தோம். சுண்டுவிரல் பக்கம் தோல் உரிந்து, ரத்தம் சாக்ஸோடு ஒட்டியிருந்தது. அன்றைக்கு வந்த புண் இல்லை, ஓரம் காய்ந்திருந்தது. நாலைந்து நாளாவது இருக்கும்.

"ஏன்ட்டி சொல்லல?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள். அதையும் நான் நம்பவில்லை. ரத்தம் வருகிற புண் ஒருத்திக்குத் தெரியாமல் இருக்குமா?

இரண்டு வாரம் கழித்து வல்லக்கோட்டை போகிற வழியில் இருக்கும் ஒரு கடைக்குப் போனோம். ஏற்றுமதிக்குச் செய்து மிஞ்சின ஷூக்களை அங்கே விற்பார்கள். புண் ஆறிவிட்டது, ஆரஞ்சு ஷூ அகலம் போதவில்லை போலிருக்கிறது, அகலமாக ஒன்று பார்க்கலாம் என்பது என் யோசனை. இவ்வளவுக்குப் பிறகும் நான் ஷூவைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கடையில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும், பேச்சு எங்கள் ஊர்ப் பக்கம். முன்பு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிற லைனில் இருந்தவளாம். நான் அகலமான ஷூ கேட்டதும், "பழைய ஷூவக் காட்டுங்கக்கா" என்றாள். மகள் போட்டிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் அதைத் திருப்பி அடியைப் பார்த்தாள். பிறகு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி போட்ட ஷூ வீட்டுல கெடக்கா?"

"கெடக்கு. அதுவும் முனையில பிஞ்சிருக்கு. எல்லாமே மட்டமான சாமான்."

"அக்கா, ஓடுத பிள்ளைகளுக்குக் குதிகால் பக்கம் தேயும், இல்ல நடுவுல தேயும். இது முனை மட்டும் சாப்பிட்டிருக்கு. அதுவும் வலது கால்ல இன்னும் கூடுதலா. ஷூ மேல தப்பு இல்லக்கா." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாப்பா, அந்தக் கோடி வரைக்கும் நடந்து வாம்மா."

மகள் நடந்தாள். நான் அவள் ஓடுவதைத்தான் இத்தனை நாளும் பார்த்தேனே தவிர, நடப்பதைப் பார்த்ததில்லை. முழங்காலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கி, பாதத்தைத் தொப்பென்று வைத்து நடந்தாள். நான் அறிந்த நடைதான் அது. யாருடையது என்று அந்த நிமிஷம் பிடிபடவில்லை.

"நான் உங்களுக்கு ஷூ விக்க மாட்டேன்" என்றாள் அந்தப் பெண். "மொதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க. நரம்பு டாக்டரா பாத்துக் காட்டுங்க. என் சித்தி மவனுக்கு இப்படித்தான் இருந்துச்சு."

வெளியே வந்ததும் எனக்கு எரிச்சல். "கடைக்கு வந்தவகிட்ட நோயச் சொல்லி அனுப்புதா பாருங்க" என்றேன். என் வீட்டுக்காரர் வண்டியை எடுக்கவில்லை. "போய்ப் பாத்துருவோம். ஒண்ணும் இல்லன்னு சொன்னா நல்லதுதானே" என்றார்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. மூன்று முறை போக வேண்டியிருந்தது. காலில் கரண்ட் வைத்துப் பார்க்கிற டெஸ்ட் ஒன்று எடுத்தார்கள். மூன்றாவது முறை போனபோது டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உள்ளே உட்காரச் சொன்னார். மகளைக் கட்டிலில் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். "தொடும்போது சொல்லு." முழங்காலில் சொன்னாள். கெண்டைக்காலில் சொன்னாள். பாதத்தில் டாக்டர் தொட்டார், தொட்டார், அவள் கண்ணை மூடியபடி காத்துக்கொண்டே இருந்தாள். "இன்னும் தொடலயா?" என்று கேட்டாள்.

எனக்கு அந்த லேஸ் தடங்கள் ஞாபகம் வந்தன.

"இப்போ எறங்கி, முன்பாதத்தைத் தூக்கிட்டு, குதிகால்ல மட்டும் நட" என்றார் டாக்டர். அவள் முயன்றாள். பாதம் தூக்கவில்லை. கையை விரித்துக்கொண்டு தள்ளாடி என் மேல் சாய்ந்தாள்.

"அது யாருக்கும் வராதுங்களே டாக்டர்" என்றேன். நான் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்து குதிகாலில் நாலு அடி நடந்து காட்டினார். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி, சிரமமே இல்லாமல். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்க நடங்க சார்" என்றார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு, கதவு வரைக்கும் நடந்து திரும்பி வந்தார். சட்டைப் பையில் சில்லறை குலுங்கியது.

"நீங்கம்மா?"

நான் எழுந்தேன். முன்பாதத்தைத் தூக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைப்பு கால் வரைக்கும் போகவில்லை. பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மறுபடியும் முயன்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு முப்பத்தாறு வயது. மற்றவர்களுக்கெல்லாம் இது முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சேலையக் கொஞ்சம் தூக்குங்க" என்றார் டாக்டர். தூக்கினேன். இத்தனை வருஷமும் மறைத்த கால். குச்சி மாதிரி கெண்டைக்கால், வில் மாதிரி வளைந்த பாதம், மடங்கிய விரல்கள். மகள் அதைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுல வேற யாருக்காவது?"

அப்போதுதான் அந்த நடை யாருடையது என்று பிடிபட்டது. என் அப்பா முழங்காலைத் தூக்கித் தூக்கி, சேற்றில் நடக்கிறவர் மாதிரி நடப்பார். விரலெல்லாம் உள்ளே மடங்கியிருக்கும். காலில் உணர்வே இல்லை என்பார். உப்பில் நின்று நின்று அப்படி ஆகிவிட்டது என்று அவரும் சொன்னார், ஊரும் சொன்னது. ஐம்பத்தெட்டு வயதில் வேறு நோயில் இறந்தார். கடைசி வரைக்கும் யாரும் அந்தக் காலைச் சோதித்துப் பார்க்கவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கால் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் குறைகிற நோய். குடும்பத்தில் வருவது. எனக்கு மெதுவாகப் போகிறது, மகளுக்குக் கொஞ்சம் வேகமாகப் போகிறது. உயிருக்கு ஆபத்து இல்லை. குணப்படுத்த மருந்து இல்லை. தினமும் பயிற்சி செய்ய வேண்டும், பாதம் தொங்காமல் இருக்கக் காலில் பிளாஸ்டிக் பட்டை போட வேண்டும். பாதம் வளைந்துகொண்டே வந்ததால்தான் நீளம் கூடவில்லை என்றும் சொன்னார்.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் ஓடலாமா?" என்றாள்.

"மெதுவா ஓடலாம். சைக்கிள் ஓட்டலாம், நீச்சல் கத்துக்கலாம். ரேஸ் வேணாம்மா. விழுந்து கணுக்கால் போச்சுன்னா அப்புறம் நடக்கறதே கஷ்டமாயிடும்."

அவள் தலையாட்டினாள். பெரிய மனுஷி மாதிரி இரண்டு முறை தலையாட்டினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், நடுவில் நான், இந்தப் பக்கம் அவர். செம்பரம்பாக்கம் தாண்டியதும் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இது உங்கிட்டருந்துதான் எனக்கு வந்துச்சா?"

"ஆமா."

"அப்போ எதுக்கும்மா என்ன அடிச்ச?"

பஸ்ஸில் கூட்டம். யாரோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டாள். நான் பதில் சொல்வேன் என்று காத்திருந்தாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். "வுடும்மா, அப்பறம் பேசலாம்" என்றார். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. கேட்டால் நன்றாக இருக்கும் என்று சில நாள் தோன்றும்.

ஊரில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். "அப்பாவுக்கு உப்பளத்துல வந்ததுக்கா. சும்மா கெடக்குற பிள்ளைகளுக்கு ஏன் நோயக் கட்டுத?" என்றான். குதிகாலில் நடந்து பார் என்று மட்டும் சொன்னேன். லைன் கட் ஆகிவிட்டது. அவன் நடந்து பார்த்தானா என்று எனக்குத் தெரியாது.

பட்டை வந்தது. வெள்ளை பிளாஸ்டிக், பாதத்துக்கு அடியிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும். அதைப் போட்டால் எந்த ஷூவும் ஏறவில்லை. மறுபடியும் அந்தக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. வாசலில் வண்டியை நிறுத்தியதும் மகள் இறங்கி, "நீ வெளியில நில்லு, நானும் அப்பாவும் போறோம்" என்றாள்.

நின்றேன். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. அந்தப் பெண் கீழே உட்கார்ந்து ஷூ ஷூவாகத் திறந்து காட்டினாள். உள்ளே இருக்கும் மெத்தை அட்டையை உருவினாள், ஷூவின் நாக்கை முழுசாக வெளியே இழுத்தாள், பட்டையோடு காலை மெல்ல உள்ளே விட்டாள். ஏறவில்லை. அடுத்தது. ஏறவில்லை. மகள் ஒவ்வொன்றையும் வாங்கி, தலைகீழாகத் திருப்பி, அடியைப் பார்த்தாள். வளைத்துப் பார்த்தாள். நிறத்தைப் பார்க்கவே இல்லை. முதல்முறை நீல ஷூவோடு கண்ணாடியைப் பார்த்து ஓடிய பிள்ளை இவள்தான். கடைசியில் கறுப்பில் ஒன்று ஏறியது, பையன்கள் போடுவது, லேஸுக்குப் பதில் ஒட்டிக்கொள்கிற நாடா வைத்தது. எழுந்து நின்றாள். கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. அவர் ஏதோ கேட்டார். அவள் "சரி" என்று சொன்னது உதட்டில் தெரிந்தது.

நான் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கார்களை அடுக்கி ஏற்றிக்கொண்டு ஒரு நீளமான லாரி போனது. அது போய் முடிகிறவரைக்கும் அழுதேன்.

கம்பெனியில் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் லைனை விட்டு எடுத்துவிடுவார்களோ என்று பயம். டாக்டர் எனக்கும் பட்டை போடச் சொன்னார். இன்னும் போடவில்லை. பஸ் படியில் ஏறும்போது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

இந்த வருஷம் விளையாட்டு விழா அன்றைக்கு அவள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள். பி.டி. மிஸ் போன் பண்ணி, "வந்து எங்களோட உக்காரட்டும், ஸ்கோர் எழுதட்டும்" என்றார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். நான் லீவு போட்டேன். ஏன் போட்டேன் என்று அவள் கேட்கவில்லை. பள்ளி பக்கத்தில்தான். மைக் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. பேர்களைக் கூப்பிடுவதும், விசிலும், பிள்ளைகள் கத்துவதும். ஜன்னலைச் சாத்தப் போனேன். "இருக்கட்டும்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு துண்டை எடுத்து வந்து தரையில் விரித்தாள். அது டாக்டர் சொன்ன பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து, கால் விரல்களால் துண்டைத் தன் பக்கம் சுருட்டி இழுக்க வேண்டும். தினமும் அவள் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு செய்வாள். அன்றைக்குக் கூடத்திலேயே உட்கார்ந்தாள். விரல்கள் மடங்க முயன்றன. துண்டு கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. மறுபடியும் கொஞ்சம் நகர்ந்தது. நெற்றியில் வேர்வை.

வெளியே விசில் ஊதினார்கள். ஒரே கூச்சல். எந்த ஓட்டம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் கால் விரல் நின்றது. கூச்சல் அடங்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உனக்கும் செய்யச் சொன்னாங்கல்ல டாக்டரு" என்றாள், தலை நிமிராமல்.

"சொன்னாங்க."

"செய்யிறியா நீ?"

"இல்ல."

எழுந்து போய் இன்னொரு துண்டு எடுத்து வந்தாள். தனக்கு எதிரே எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்து சேலையைக் கெண்டைக்கால் வரைக்கும் தூக்கிச் சொருகிக்கொண்டேன். பகல் வெளிச்சத்தில் என் காலும் அவள் காலும் எதிரெதிரே இருந்தன. விரலை மடக்கிப் பார்த்தேன். துண்டு அசையவே இல்லை.

அவள் குனிந்து என் பெருவிரலைப் பிடித்துத் துண்டின் மேல் சரியாக வைத்தாள். அவள் கை பட்டது எனக்கு லேசாகத்தான் தெரிந்தது.

"இப்போ இழு" என்றாள். "பத்து தடவ. நான் எண்ணுறேன்."

இழுத்தேன்.

"வரல" என்றாள். "மறுபடி."